எத்தனை கிலோ மோட்டார்?

வீட்டு கேட்டுக்கு மோட்டார் போட வேண்டும் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி, "கேட் எத்தனை கிலோ இருக்கும்?" கடைக்காரர் கேட்பார், வெல்டர் கேட்பார், ஏற்கெனவே போட்டுவிட்ட எதிர்வீட்டுக்காரர் கேட்பார். சரியான விடை யாரிடமும் இருக்காது என்பதால் வாய்க்கு வந்த எண் ஒன்று சொல்லப்படும். "ஐந்நூறு இருக்கும்." உடனே தீர்ப்பு வந்துவிடும்: "அப்ப ஆயிரம் கிலோ மோட்டாராப் போட்டுடுங்க சார். டபுளா இருந்தா பிரச்சினையே வராது."

சென்னையிலிருந்து நாகர்கோவில் வரை இதுதான் வேதம். இரட்டிப்பை ஒன்றரை மடங்காகக் குறைத்தால் சரியாகிவிடும் என்று சொல்ல இதை எழுதவில்லை. கேள்வியே தவறு. கிலோவை வைத்து மோட்டார் வாங்குகிறவர் தேவையில்லாத ஒன்றுக்குப் பணம் கொடுக்கிறார். தேவையானதைக் கேட்காமலே விடுகிறார். போகிற போக்கில் வீட்டு வாசலில் ஓர் ஆபத்தையும் நிறுத்திவிடுகிறார்.

முதலில் அந்த ஐந்நூறையே பார்ப்போம். இரும்புத் தகடு 1 மி.மீ. கனத்தில் சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. 4 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரம் உள்ள கேட்டை முழுக்க 3 மி.மீ. தகட்டால் மூடினாலும் தகடு 188 கிலோதான். சுற்றுச் சட்டம், குறுக்குக் குழாய், சக்கரம் எல்லாம் சேர்ந்தாலும் முந்நூறுக்குப் பக்கத்தில் நின்றுவிடும். இப்போது எல்லோரும் விரும்பும் மயில், மரம், அலை என்று வெட்டிய சி.என்.சி. வேலைப்பாடு என்றால் வெட்டி எடுத்த இரும்பின் எடையும் அதிலிருந்து போகும். ஆக, ஐந்நூறு என்பது பெரும்பாலும் பெருமைக்குச் சொல்லும் எண். அதையும் இரட்டிப்பாக்கி மோட்டார் விற்கிறார்கள்.

எடையைச் சரியாகக் கணக்கிட்டாலும் பயன் குறைவுதான். ஸ்லைடிங் கேட்டை மோட்டார் தூக்குவதில்லை. எடையைச் சுமப்பவை சக்கரங்கள். சக்கரங்களைச் சுமப்பது டிராக். கேட்டின் அடியில் பொருத்திய பற்சட்டத்தை, அதாவது ரேக்கை, மோட்டாரின் பினியன் பக்கவாட்டில் தள்ளுகிறது, அவ்வளவுதான். அந்தத் தள்ளலை எதிர்ப்பது எடை அல்ல, உராய்வு. நல்ல பேரிங் உள்ள சக்கரமும் நேரான சுத்தமான டிராக்கும் இருந்தால் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு விசை போதும். 500 கிலோ கேட்டுக்கு 10 கிலோ. வீட்டுப் பாட்டி ஒரு கையால் தள்ளிவிடலாம். அதே கேட்டில் பேரிங் துருவேறி, தண்ணீர் லாரி ஏறி இறங்கி டிராக் நெளிந்து, மணலும் சேர்ந்துவிட்டால் 50 கிலோ கேட்கும். டிராக்கின் நீளவாக்கில் 20 அடிக்கு 1 அடி சரிவு இருந்துவிட்டால் ஏறும் திசையில் இன்னொரு 25 கிலோ. எடை ஒரு கிராம்கூடக் கூடவில்லை; மோட்டார் தள்ள வேண்டியது மட்டும் ஏழரை மடங்காகிவிட்டது. சக்கரம் செத்துப்போன 250 கிலோ கேட் ஒன்று, சக்கரம் நன்றாக ஓடும் 1,000 கிலோ கேட்டைவிட அதிக விசை கேட்கும். இதற்குப் பிறகும் எடையைக் கேட்டு மோட்டார் தேர்ந்தெடுப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

மோட்டார் பெட்டியின் மேல் அச்சிட்ட கிலோ, சக்கரம் நல்லது, டிராக் சமமானது என்ற அனுமானத்தின் மேல் எழுதப்பட்டது. அந்த அனுமானம் பெட்டியின் மேல் இருக்காது. கையேட்டைப் புரட்டினால் தள்ளுவிசை நியூட்டனில் இருக்கும். 10 நியூட்டன் என்பது ஏறக்குறைய 1 கிலோ இழுவை. அந்த எண்ணைத்தான் உங்கள் கேட்டின் இழுவையோடு ஒப்பிட வேண்டும். இழுவையை அளக்கப் பொறியாளர் வேண்டாம். பழைய பேப்பர்க்காரர் கையில் தொங்கும் தராசோ, விமானப் பயணத்துக்குப் பெட்டி எடை பார்க்கும் சிறிய டிஜிட்டல் தராசோ போதும். கொக்கியைக் கேட்டில் மாட்டிக் கிடைமட்டமாக மெதுவாக இழுங்கள். அசையத் தொடங்கும்போது எவ்வளவு காட்டுகிறது, நகரும்போது எவ்வளவு, டிராக்கின் எந்த இடத்தில் முள் தாவுகிறது, திரும்பி வரும்போது எவ்வளவு என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். கால் மணி நேர வேலை. லட்சக் கணக்கில் கேட் செய்கிறவர்கள் இதைச் செய்வதில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம்.

அளந்து பார்த்து 30, 40 என்று வந்தால் அது மோட்டாருக்கான எண் அல்ல, வெல்டருக்கான எண். சக்கரத்தைப் பெரிதாக்குங்கள், 80 மி.மீ. சக்கரத்தைவிட 120 மி.மீ. சக்கரம் இலேசாக உருளும், சின்னக் கல்லில் மாட்டாது. ஒற்றை பேரிங்குக்குப் பதில் இரட்டை பேரிங் போடுங்கள். லாரி ஏறும் இடத்தில் மெல்லிய ஆங்கிளைத் தரையில் சும்மா ஒட்டவைக்காமல் கான்கிரீட்டில் நன்றாகப் புதையுங்கள். மேலே உள்ள கைடு ரோலர் கேட்டை இறுக்கிப் பிடிக்கிறதா பாருங்கள். பெயிண்ட் அடித்த பிறகு அது இறுகிப்போவது வழக்கம். ரேக்குக்கும் பினியனுக்கும் நடுவே ஒன்றிரண்டு மி.மீ. இடைவெளி இருக்கட்டும். இல்லாவிட்டால் சக்கரம் தேயத் தேயக் கேட்டின் எடை பினியன் மேல் உட்கார்ந்துவிடும். இத்தனைக்கும் ஆகும் செலவு மோட்டார் விலையில் சிறு பங்குதான்.

மறுதரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதைத் தட்டிவிட்டுப் போவது நியாயமல்ல. கடைக்காரர்கள் சொல்கிறார்கள்: "சார், நீங்க சொல்ற பராமரிப்பை எவன் செய்வான்? இன்னிக்கு 10 கிலோ இழுக்கிற கேட் ரெண்டு வருஷத்துல 30 கிலோ இழுக்கும். சின்ன மோட்டார் அப்ப மூச்சு முட்டும். பெருசு தாங்கும்." பாதி உண்மை. மிச்ச வலிமை வேண்டும்தான். அளந்த இழுவையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை உள்ள மோட்டாரை வாங்குங்கள், தவறில்லை. ஆனால் அது அளந்த எண்ணின் மேல் வைக்கும் மிச்சம். யூகித்த எடையை இரட்டிப்பது வேறு. பெரிய மோட்டார் தாங்கும் என்பதும் உண்மைதான். அது தாங்குவதுதான் சிக்கல். சிறிய மோட்டார் திணறி நின்று, "சக்கரத்தைப் பார்" என்று சொல்லிவிடும். பெரியது எதையும் சொல்லாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். பேரிங் உடைந்து, சக்கரம் உருளாமல் தேய்ந்துகொண்டே போய், ஒருநாள் ரேக்கின் திருகுகள் பிய்த்துக்கொண்டு வரும்போதுதான் வீட்டுக்காரருக்குத் தெரியும்.

இதுவரை சொன்னது பணம். இனி உயிர்.

600 கிலோ கேட் நிமிடத்துக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடும்போது அதில் உள்ள இயக்க ஆற்றல் சுமார் 8 ஜூல். மேசையிலிருந்து விழும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் இருப்பதும் அவ்வளவுதான். கையைத் தூணோடு சேர்த்து நசுக்க அது போதும்; ஆனால் மோதிய கணத்தில் தீர்ந்துவிடும். தீராதது மோட்டாரின் தள்ளல். நெஞ்சு அல்லது கழுத்து தூணுக்கும் கேட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் மோட்டார் நிற்கும்வரை அந்த அழுத்தம் நிற்காது. நாம் கூடுதல் காசு கொடுத்து வாங்கும் "ஆயிரம் கிலோ" அந்த அழுத்தத்தின் பெயர்தான்.

2010-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் தேதி இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 6 வயதுச் சிறுமி ஒருத்தி தானியங்கி கேட்டில் சிக்கி இறந்தாள். ஐந்து நாள் கழித்து ஜூலை 3-ஆம் தேதி வேல்ஸின் பிரிட்ஜெண்டில் 5 வயதுச் சிறுமி. ஒரே வாரத்தில் இரண்டு குழந்தைகள். அதன் பிறகு பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு கேட் பொருத்துகிறவர்களுக்கு எச்சரிக்கை அறிக்கைகள் வெளியிட்டது. பிரிட்ஜெண்டில் அந்தக் கேட்டின் மூடும் விசை தரநிலை அனுமதித்ததைத் தாண்டியிருந்தது. வழக்கு நடந்து இரண்டு நிறுவனங்கள் அபராதம் கட்டின. அந்தத் தரநிலை, இ.என். 12453, சொல்வது எளிமையானது: மூடும் விளிம்பில் ஒருவர் நசுங்கக்கூடிய குறுகிய இடைவெளியில் விசை 400 நியூட்டனைத் தாண்டக் கூடாது, முக்கால் விநாடிக்குள் அது 150 நியூட்டனுக்குக் கீழே இறங்கிவிட வேண்டும். அதாவது சுமார் 40 கிலோ, பிறகு 15 கிலோ. அமெரிக்காவின் யு.எல். 325 வேறு வழியில் போகிறது. ஆள் சிக்கக்கூடிய இடத்தில் ஒன்றை ஒன்று நம்பாத இரண்டு தனித்தனிப் பாதுகாப்புகள் வேண்டும் என்கிறது.

இரண்டு தரநிலைகளும் கவலைப்படுவது கேட் எத்தனை கிலோ என்பதைப் பற்றி அல்ல, ஓர் உடம்பின் மேல் எவ்வளவு அழுத்தம் விழும் என்பதைப் பற்றி. இந்த எண்ணைக் கொட்டேஷனில் எழுதித் தந்த கடையை நான் பார்த்ததில்லை.

"சென்சார்தான் இருக்கே" என்பார்கள். தூணில் எதிரெதிரே பொருத்தும் போட்டோசெல் ஒரே உயரத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே தவழும் குழந்தையையோ படுத்திருக்கும் நாயையோ அது பார்க்காது. "கரண்டைப் பார்த்து போர்டே தடையைக் கண்டுபிடிச்சு நிறுத்திடும்" என்பது அடுத்த பதில். கண்டுபிடிக்கும், எப்போது என்பதுதான் கேள்வி. கேட் ஓர் இடத்தில் 15 கிலோவும் டிராக் நெளிந்த இடத்தில் 50 கிலோவும் இழுக்கிறது என்று வையுங்கள். 50-இல் நின்றுவிடக் கூடாது என்பதற்காக நிறுத்தும் எல்லையை 60-இல் வைத்தாக வேண்டும். 15 போதுமான இடத்தில் ஒரு குழந்தை குறுக்கே வந்தால், மிச்சம் 45 கிலோ அந்தக் குழந்தையின் மேல் விழுந்த பிறகுதான் போர்டுக்கு உறைக்கும். கேட் முழு நீளத்துக்கும் 8 கிலோவில் ஓடினால் எல்லையை 15-இல் வைக்கலாம்; கை பட்டதுமே திரும்பிவிடும். கேட் இலேசாக ஓடுவது சொகுசு அல்ல, பாதுகாப்பின் அடிப்படையே அதுதான். அதைப் பெரிய மோட்டாரால் வாங்க முடியாது.

நடைமுறையில் என்ன நடக்கிறது? பொருத்த வந்த பையன் போர்டில் விசையைக் கூட்டிக் குறைக்கும் திருகைக் கடைசிவரை திருப்பிவிட்டுப் போகிறான். அவன்மேல் குற்றமில்லை. விசையைக் குறைத்து வைத்தால் கேட் நடுவில் நின்று ஞாயிற்றுக்கிழமை போன் வரும். கூட்டி வைத்தால் வராது. வாடிக்கையாளர் கேட்டது நிற்காத கேட், கிடைத்தது நிற்காத கேட். இதோடு, கேட் ஓடி முடியும் இடத்தில் தரையில் கெட்டியாக ஒரு தடுப்பு வைக்காமல் லிமிட் ஸ்விட்சை மட்டும் நம்பியும் விடுகிறார்கள். ஸ்விட்ச் பழுதானால் மோட்டார் கேட்டை கைடு ரோலரை விட்டே வெளியே தள்ளிவிடும். டிராக்கை விட்டுச் சாய்ந்த கேட்டின் அடியில் குழந்தைகள் சிக்கிய செய்திகள் நம் நாளிதழ்களிலும் வருகின்றன, மோட்டார் இல்லாத கேட்டுகளிலேயே.

அபார்ட்மெண்ட்களில் இந்தக் கிலோ மயக்கம் இன்னொரு வேடிக்கையைக் காட்டுகிறது. நாற்பது வீடு, காலை எட்டு மணி. பள்ளிக்கூட வேன், ஆபீஸ் கார், ஸ்கூட்டர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே போகின்றன. எட்டரைக்கு மோட்டார் நின்றுவிடுகிறது. செக்யூரிட்டி சாவி போட்டு விடுவித்து அன்று முழுக்கக் கையால் தள்ளுகிறார். சங்கக் கூட்டம் கூடி, "600 கிலோ மோட்டார் பத்தல, 1,200 போடுவோம்" என்று தீர்மானம் நிறைவேற்றுகிறது. புது மோட்டாரும் எட்டே முக்காலுக்கு நிற்கிறது.

நின்றது பலம் போதாமல் அல்ல, சூடாகி. மோட்டார் எவ்வளவு நேரம் ஓடலாம், எவ்வளவு நேரம் ஆற வேண்டும் என்று ஒரு சதவீதம் உண்டு; சாதாரண வீட்டு ஏ.சி. மோட்டார்களில் 30 சதவீதம் என்பது பரவலாகக் காணப்படும் எண். பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் ஓடலாம். 4 மீட்டர் கேட் நிமிடத்துக்கு 10 மீட்டர் வேகத்தில் திறக்க 24 விநாடி, மூட 24 விநாடி. மூன்று நிமிடத்தில் நான்கு தடவைகூட முழுதாக முடியாது. மணிக்கு 22 தடவை. நாற்பது வீட்டுக்கு இது எந்த மூலைக்கு? அந்த எல்லை தாண்டினால் சுருளில் உள்ள வெப்பக் காப்பு மின்சாரத்தைத் துண்டிக்கிறது. 1,200 கிலோ மோட்டாரிலும் அதே 30 சதவீதம் எழுதியிருந்தால் தீர்மானம் போட்டதால் எதுவும் மாறாது. அங்கே கேட்க வேண்டியது தொடர்ந்து ஓடும் தகுதி உள்ள மோட்டார், பெரும்பாலும் 24 வோல்ட் டி.சி. இல்லையென்றால் ஸ்கூட்டருக்குத் தனிச் சிறிய வழி. சில இடங்களில் அந்தச் சிறிய வழி ஒன்றே பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

டி.சி. என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. "அது பொம்மை மோட்டார், ஏ.சி.தான் கெத்து" என்பது அடுத்த வேதம். நமக்கு மின்வெட்டு உண்டு. 24 வோல்ட் மோட்டார் இரண்டு சிறிய 12 வோல்ட் பேட்டரியில் மழை நாளிலும் திறக்கும். தொடக்கத்திலும் முடிவிலும் வேகத்தை மெல்லக் கூட்டிக் குறைக்கும். தடையைக் கரண்டில் நன்றாக உணரும். ஏ.சி. மோட்டார் சதுர அலை இன்வெர்ட்டரில் உறுமிக்கொண்டு சூடாகும். "கெத்து" என்பதற்கு அலகு எதுவும் கையேட்டில் இல்லை.

இரண்டு கதவாகத் திறக்கும் ஸ்விங் கேட்டில் கிலோ இன்னும் பெரிதாக ஏமாற்றும். கதவு ஒன்று 2 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரம், 2 மி.மீ. தகடு, சட்டத்தோடு சேர்த்து 100 கிலோ அளவில் இருக்கும். "300 கிலோ மோட்டார் தாராளம்" என்று கை காட்டுவார்கள். பல்லடம், உடுமலை, ஆரல்வாய்மொழிப் பக்கம் வீடு கட்டியவர்களைக் கேளுங்கள். காற்றாலைக்காரன் தேடி வந்த ஊரில் ஓட்டையில்லாத தகட்டைக் கேட்டாக நிறுத்துகிறோம். மணிக்கு 60 கி.மீ. காற்று சதுர மீட்டருக்கு சுமார் 170 நியூட்டன் அழுத்தும். 3.6 சதுர மீட்டர் கதவின் நடுவில் அது 60 கிலோவுக்கு மேல். தண்டு மோட்டார் 200 முதல் 300 கிலோ விசையில் தள்ளினாலும் கீலிலிருந்து 12, 15 செ.மீ. தள்ளித்தான் தள்ளுகிறது, கதவின் நடுவில் அதன் பலம் 24 முதல் 45 கிலோதான். ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, இந்தக் கதவு மோட்டார் சொல்வதைக் கேட்காது. காற்றின் வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கதவின் எடையைப் பாதியாக்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. தகட்டில் இடைவெளி விட்டால் மாறும். மூடிய பிறகு தரையில் இறங்கும் பூட்டு வைத்தால், காற்றின் உதை மோட்டாரின் பற்சக்கரத்தில் விழாமல் தரையில் விழும்.

மோட்டாரைக் கெடுப்பவற்றில் பல, எடைக்குச் சம்பந்தமே இல்லாதவை. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தெருக்கள் மூழ்கியபோது, தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும் இந்த மோட்டார்கள் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. போர்டும் அதே பெட்டிக்குள்தான் இருக்கிறது. மேடையை அரை அடி உயர்த்திக் கட்டி, ரேக்கையும் அதற்கேற்ப மேலே ஏற்றுவது கட்டும்போதே செய்யக்கூடிய காரியம். ஒயர் வரும் குழாயின் வாயை அடைக்காவிட்டால் பல்லியும் எறும்பும் போர்டில் குடியேறும். திறந்துவிடும் சாவி வீட்டில் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் உள்ள அனைவருக்கும் தெரிய வேண்டும். வேறு வாசல் இல்லாத வீட்டில், மோட்டார் செத்தாலும் ஆள் போய்வர ஒரு திட்டிவாசல் வேண்டும்.

விற்கிறவர்கள் கடைசியாகச் சொல்வது, "ஜனங்களுக்குக் கிலோதான் சார் புரியும், நியூட்டன் எல்லாம் புரியாது." இன்வெர்ட்டர் பேட்டரிக்கு 150 ஏ.எச். என்றும், ஏ.சி.க்கு ஒன்றரை டன், ஐந்து ஸ்டார் என்றும் கடையில் நின்று பேரம் பேசுகிற ஜனங்கள்தான் இவர்கள். புரியாமல் இல்லை, யாரும் சொல்லவில்லை. அடுத்த முறை மோட்டார்க்காரர் அளவெடுக்க வரும்போது, டேப்பை நீட்டுவதற்கு முன் அவர் கையில் தராசைக் கொடுங்கள். கேட்டின் இழுவை, மோட்டாரின் தள்ளுவிசை, ஓட்ட நேரச் சதவீதம், பொருத்தி முடித்த பிறகு மூடும் விளிம்பில் அளந்து காட்டப்போகும் விசை, இந்த நான்கையும் கொட்டேஷனில் எழுதித் தரச் சொல்லுங்கள். கிலோவை அவர் விருப்பம்போல் எழுதிக்கொள்ளட்டும்.